ஸ்கைலைன் ஜிடி-ஆர்: ஏன் 2568 சிசி?

நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், ஆர்32 மாடல். 1989 ஆகஸ்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்து 1994 வரை தயாரான கார். தொண்ணூறுகளின் ஜப்பானிய டர்போ (புகைவாயுவின் விசையால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) கார்களைப் பற்றி யார் பேச உட்கார்ந்தாலும் பேச்சு எப்படியும் இதைத் தொட்டுவிடும். இதன் விவரப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் இப்படி இருக்கும்: நேர்வரிசையில் 6 சிலிண்டர், 24 வால்வு, இரட்டை டர்போ, 2568 சிசி, 6800 ஆர்பிஎம்மில் 280 பிஎஸ் (குதிரைத்திறன்), 4400 ஆர்பிஎம்மில் 36 கிலோகிராம்-மீட்டர் டார்க் (சுழற்று விசை), 5 கியர், நான்கு சக்கர இயக்கம், எடை 1430 கிலோ, விலை 44.5 லட்சம் யென்.

"சரி, வேகமான கார்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போய்விடலாம். ஆனால் கொஞ்சம் நின்று படித்தால் இரண்டு எண்கள் உறுத்தும். முதலாவது அந்த 2568. எஞ்சின் செய்பவர்கள் வழக்கமாக 2 லிட்டர், 2.5 லிட்டர், 3 லிட்டர் என்ற கணக்கில்தான் செய்வார்கள். 2.6 எங்கிருந்து வந்தது? ஜப்பானில் காருக்கு ஆண்டுதோறும் கட்டும் வரி எஞ்சினின் சிசியைப் பொறுத்தது. 2000க்கு மேல் 2500 வரை ஒரு படி, அதற்கு அன்று 45,000 யென். 2500ஐத் தாண்டிவிட்டால் அடுத்த படி, 51,000 யென். வெறும் 68 சிசிக்காக வாங்குபவரை மேல்படிக்குத் தள்ளுவது எந்த விற்பனைக் கணக்குக்கும் ஒத்துவராது. இத்தனைக்கும் அதே ஆர்பி எஞ்சின் குடும்பத்தில் நிஸான் பின்னர் 2498 சிசி எஞ்சின் ஒன்றையும் செய்தது. இரண்டுக்கும் சிலிண்டரின் விட்டம் ஒன்றே, 86 மிமீ. பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரத்தில் மட்டும் 2 மிமீ வித்தியாசம்: அதில் 71.7, இதில் 73.7. அந்த 2 மிமீதான் 70 சிசியைக் கூட்டியது.

இரண்டாவது எண் 280. அதற்குப் பிறகு வருகிறேன். இந்தக் காரின் விவரப் பட்டியலை நிஸானின் எஞ்சினியர்கள் தனியாக உட்கார்ந்து எழுதவில்லை. பாதியை பந்தய விதிப்புத்தகம் எழுதியது, இன்னொரு பங்கை ஜப்பானிய அரசின் கண்டிப்பு எழுதியது. எந்த எண் யார் கையெழுத்து என்று தெரிந்துகொண்டு படித்தால்தான் இந்தக் கார் புரியும் என்பது என் எண்ணம்.

பந்தயத்திலிருந்து தொடங்குவோம். எண்பதுகளில் டூரிங் கார் பந்தயங்களை குரூப் ஏ என்ற விதிமுறை ஆண்டது. அதன் அடிப்படை எளிமையானது: கடையில் விற்கும் கார்தான் பந்தயத்துக்கு வரவேண்டும். தொடர்ந்து 12 மாதங்களில் 5000 கார்களைத் தயாரித்தால்தான் அந்த மாடலுக்கு அனுமதி. அதன்பின் மேம்பட்ட வடிவம் ஒன்றைக் கொண்டுவர நினைத்தால் அதில் 500 செய்து காட்டவேண்டும். பந்தயக் குழு மாற்றக்கூடியவை சில, தொடவே கூடாதவை பல. எஞ்சின் பிளாக், டர்போ, சஸ்பென்ஷனின் அடிப்படை அமைப்பு போன்றவை விற்ற காரில் இருந்தபடிதான் இருக்கவேண்டும். ஆகவே பந்தயத்தில் என்ன வேண்டுமோ அதை முன்கூட்டியே கடைக் காரில் வைத்துவிட வேண்டும். பின்னால் சேர்த்துக்கொள்ள முடியாது.

குரூப் ஏ-வில் எஞ்சின் அளவைப் பொறுத்துப் பிரிவுகள் உண்டு. ஒவ்வொரு பிரிவுக்கும் குறைந்தபட்ச எடை இவ்வளவு, டயர் அகலம் அதிகபட்சம் இவ்வளவு என்று வரம்பு இருக்கும். டர்போ எஞ்சின்கள் அளவுக்கு மீறிய சக்தி தருவதால் அவற்றின் சிசியை ஒரு எண்ணால் பெருக்கித்தான் பிரிவை முடிவு செய்தார்கள். முதலில் அந்தப் பெருக்கெண் 1.4. 1988இல் அதை 1.7 ஆக்கினார்கள்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2568ஐ 1.7ஆல் பெருக்கினால் சுமார் 4366. அதாவது 4500 சிசி பிரிவு. அந்தப் பிரிவுக்குள் ஒரு டர்போ எஞ்சின் 2647 சிசி வரை இருக்கலாம். அதற்குக் கீழே உள்ள 4000 சிசி பிரிவென்றால் 2352 சிசிதான் உச்சம். 2.5 லிட்டர் எஞ்சின் வைத்தாலும் மேல் பிரிவில்தான் விழும், அதற்கான எடையைச் சுமந்தாகவேண்டும். அந்த எடையைச் சுமப்பது என்று ஆகிவிட்டால் எஞ்சினையும் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்வதுதானே புத்திசாலித்தனம்? 2.6 லிட்டர் வந்த வழி இதுதான்.

இந்த முடிவு எடுத்த எடுப்பில் வந்துவிடவில்லை. காரின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் நகனோரி இட்டோ. ஸ்கைலைனின் தந்தை என்று ஜப்பானியர்கள் கொண்டாடும் ஷினிச்சிரோ சகுராய் நோய்வாய்ப்பட்டபோது அந்தப் பொறுப்பை ஏற்றவர். முந்தைய ஆர்31 மாடலில் ஜிடிஎஸ்-ஆர் என்று ஒன்றை 800 எண்ணிக்கையில் செய்து பந்தயத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அது 2 லிட்டர் டர்போ. எதிரே ஃபோர்டு சியேரா ஆர்எஸ்500 நின்றது, 500 குதிரைத்திறனைத் தாண்டிய பந்தயக் கார். அதை வெல்ல வேண்டுமென்றால் பந்தயத்தில் 600 பிஎஸ் வரை தாங்கும் எஞ்சின் வேண்டும். அவ்வளவு சக்தியைப் பின் இரண்டு சக்கரத்தில் மட்டும் இறக்கினால் டயர் தாங்காது, சில சுற்றுகளிலேயே தேய்ந்துவிடும். அதனால் நான்கு சக்கர இயக்கம் வந்தது. அது வந்ததும் எடை கூடியது. முதலில் 4000 சிசி பிரிவுக்குப் பொருந்தும் சுமார் 2.35 லிட்டர் எஞ்சினைத்தான் நினைத்திருந்தார்கள். கூடிய எடையோடு அது போதாது என்று பிரிவையே மாற்றி 2.6க்குப் போனார்கள். மேல் பிரிவில் இன்னும் அகலமான டயருக்கும் இடம் கிடைத்தது.

எஞ்சினின் பெயர் ஆர்பி26டிஇடிடி. அதன் உள்ளே பார்த்தால் விதிப்புத்தகத்தின் நிழல் எங்கும் தெரியும். பிளாக் வார்ப்பிரும்பு. கனம்தான், ஆனால் 600 பிஎஸ்ஸுக்குத் தாங்கும். கிராங்க் ஷாஃப்டை 7 பேரிங்குகள் பிடித்திருக்கும். டர்போ தள்ளும் சூடான காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் முன் கிரில்லுக்கு நேர் பின்னால், எதிர்க்காற்று நேராக வந்து மோதும் இடத்தில். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, ஆறு சிலிண்டருக்கு ஆறு தனித்தனி த்ராட்டில் வால்வுகள். சாதாரணக் காரில் காற்று போகும் வாசலில் ஒரே ஒரு வால்வு இருக்கும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது திறக்கும். அங்கிருந்து சிலிண்டர் வரை உள்ள குழாய் முழுதும் நிரம்பினால்தான் எஞ்சின் பதில் சொல்லும். ஜிடி-ஆரில் ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலிலேயே ஒரு வால்வு. மிதித்த உடனே காற்று உள்ளே. டர்போ வைத்த சாலைக் காரில் இந்த ஏற்பாடு மிக அரிது. அலுவலகம் போய்வர யாருக்கும் இது தேவைப்படாது. சர்க்யூட்டில் ஒவ்வொரு வளைவிலும் தேவைப்படும்.

டர்போவும் அப்படித்தான். பெரிய டர்போ ஒன்றை வைத்தால் அது சுழன்று வேகம் பிடிக்க நேரமாகும், அந்த இடைவெளியில் கார் சோம்பலாக இருக்கும். அதற்காகச் சிறிய டர்போ இரண்டு, மும்மூன்று சிலிண்டருக்கு ஒன்று. அதோடு நிற்காமல் புகைவாயு மோதும் சக்கரத்தை உலோகத்துக்குப் பதிலாக செராமிக்கில் செய்தார்கள். செராமிக் எடை குறைவு, சட்டென்று சுழலத் தொடங்கும். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. தொழிற்சாலை வைத்த அழுத்தத்தில் ஓட்டும்வரை ஒன்றும் ஆகாது. அழுத்தத்தை அதிகம் கூட்டினால் செராமிக் சக்கரம் தண்டிலிருந்து பிய்த்துக்கொண்டு போய்விடும். இந்தக் காரை வைத்திருப்பவர்கள் இன்றும் முதலில் எச்சரிக்கும் விஷயம் அதுதான். நிஸானுக்கும் இது தெரிந்திருந்தது. 1990இல் குரூப் ஏ-வின் 500 கார் விதிக்காக நிஸ்மோ (நிஸானின் பந்தயப் பிரிவு) பதிப்பு ஒன்றை 560 எண்ணிக்கையில் செய்தபோது அதில் உலோகச் சக்கரம் உள்ள டர்போக்களைத்தான் வைத்தார்கள். அந்த 560இல் 60 கார்கள் பந்தயத்துக்கென்று ஒதுக்கப்பட்டவை, மீதி 500 விற்பனைக்கு. ஏபிஎஸ், ஏசி, பின் வைப்பர் எல்லாவற்றையும் கழற்றி எடையை 1400 கிலோவுக்கு இறக்கியிருந்தார்கள்.

குறை இல்லாத எஞ்சின் என்று சொல்லிவிட முடியாது. ஆரம்பக் கால எஞ்சின்களில் ஆயில் பம்பைச் சுழற்றும் இடத்தில் கிராங்கின் பிடிமானம் குறுகலாக இருந்தது. அதிக ஆர்பிஎம்மில் விடாமல் ஓட்டினால் பம்பின் பல்சக்கரம் உடையும், ஆயில் போகாமல் எஞ்சினே போய்விடும். பிறகு அந்தப் பிடிமானத்தை அகலமாக்கினார்கள். பழைய ஆர்32 வாங்க நினைப்பவர்கள் குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்கவேண்டும்.

இனி அந்த நான்கு சக்கர இயக்கம். நிஸான் வைத்த பெயர் அட்டீசா ஈ-டிஎஸ். வழக்கமான நான்கு சக்கர இயக்கக் கார்கள் முன்னுக்கும் பின்னுக்கும் எப்போதுமே விசையைப் பிரித்துக் கொடுக்கும். வளைவில் முன் சக்கரத்துக்கு இரண்டு வேலை, திரும்பவும் வேண்டும் இழுக்கவும் வேண்டும். அதனால் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகப் பார்க்கும். ஜிடி-ஆர் சாதாரணமாக ஓடும்போது முழுக்கப் பின்சக்கரக் கார். கியர்பாக்ஸிலிருந்து விசை நேராகப் பின்னால் போகும். கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஆயிலில் மூழ்கிய பல தட்டுக் கிளட்ச் ஒன்று உண்டு. நான்கு சக்கரத்தின் வேகத்தையும், கார் எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளப்படுகிறது என்பதையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டே இருக்கும். பின்சக்கரம் வழுக்குகிறது என்று தெரிந்ததும் ஆயில் அழுத்தத்தால் அந்தத் தட்டுகளை நெருக்கும். நெருக்க நெருக்க ஒரு செயின் வழியாக முன்சக்கரத்துக்கு விசை போகும், பாதிக்குப் பாதி வரை. வழுக்கல் நின்றால் தட்டுகள் தளர்ந்து மறுபடியும் பின்சக்கரக் கார். விசையை மின்னணு முறையில் இப்படிப் பகிர்வதை போர்ஷே 959 ஏற்கெனவே செய்து காட்டியிருந்தது. அது மிகச் சிலர் மட்டுமே வாங்கக்கூடிய கார்.

நடு டாஷ்போர்டில் மூன்று சிறிய மீட்டர்கள் உண்டு. அவற்றில் ஒன்று, முன்சக்கரத்துக்கு இந்த நொடியில் எவ்வளவு டார்க் போகிறது என்று காட்டும். நேர்சாலையில் முள் பூஜ்ஜியத்தில் கிடக்கும். ஈரமான வளைவிலிருந்து வெளியே வரும்போது கொஞ்சம் அழுத்தி மிதித்தால் முள் எழும், கார் நிமிர்ந்து நேரானதும் விழும். ஓட்டுபவர் உணர்வதற்கும் முள் எழுவதற்கும் இடையில் பெரிய இடைவெளி இருக்காது. நான்கு சக்கர இயக்கத்தைக் கண்ணால் பார்க்க முடிகிற இந்த ஒரு மீட்டருக்காகவே அந்த எஞ்சினியர்களைக் கும்பிடத் தோன்றும்.

இதை ஏற்கெனவே இருந்த காருக்குள் அடக்கியதும் சாதாரண வேலை இல்லை. நீளமான ஆறு சிலிண்டர் எஞ்சின் முன்னே உட்கார்ந்திருக்கிறது, முன்சக்கர ஆக்ஸில் அதைத் தாண்டிப் போகவேண்டும். முன் டிஃபரன்ஷியலை எஞ்சினின் ஆயில் சம்ப்போடு பக்கவாட்டில் சேர்த்துப் பொருத்தி, ஒரு பக்கத்து ஆக்ஸிலை அந்தச் சம்ப்பின் குறுக்கே ஊடுருவ விட்டார்கள். எஞ்சின் ஆயில் நிற்கும் பாத்திரத்தின் நடுவே முன்சக்கரத்தின் ஆக்ஸில்!

பின்சக்கரங்களும் சுமார் ஒரு டிகிரி திரும்பும் சூப்பர் ஹைகாஸ் என்ற அமைப்பும் உண்டு. அதற்கு ரசிகர்கள் குறைவு, பழசானதும் பலர் அதைப் பூட்டிவிடுகிறார்கள்.

இப்போது 280. எண்பதுகளின் கடைசியில் ஜப்பானில் சாலை விபத்துச் சாவுகள் மீண்டும் ஏறத் தொடங்கியிருந்தன. 1988இல் ஆண்டுக்கு 10,000ஐத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு நிறுவனமும் போட்டிபோட்டுக்கொண்டு குதிரைத்திறனை ஏற்றிக்கொண்டிருந்த நேரம் அது. போக்குவரத்து அமைச்சகம் கண்டிப்புக் காட்ட, உற்பத்தியாளர்கள் தங்களுக்குள் ஒரு கோட்டைக் கிழித்துக்கொண்டார்கள்: உள்நாட்டில் விற்கும் எந்தக் காரும் 280 பிஎஸ்ஸுக்கு மேல் காட்டாது. சட்டம் எதுவும் போடவில்லை, ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட வாக்கு மட்டும்தான். அந்த 1989இல் வந்த நிஸான் ஃபேர்லேடி இசட்தான் 280ஐத் தொட்ட முதல் வரிசைக் கார்களில் ஒன்று. அதே கார் அமெரிக்காவில் 300 குதிரைத்திறனோடு விற்றது. 1993இல் வந்த டொயோட்டா சுப்ரா ஜப்பானில் 280, அமெரிக்காவில் 320. மணிக்கு 180 கிலோமீட்டரில் எஞ்சினை மட்டுப்படுத்தும் கட்டுப்பாடும் இருந்தது. ஜிடி-ஆரின் வேகமானியிலும் 180க்கு மேல் எண் கிடையாது.

பந்தயத்தில் 600ஐ நோக்கிச் செய்த எஞ்சினுக்கு 280 என்றால் கழுத்தைப் பிடித்து உட்காரவைத்த மாதிரி. எப்படிப் பிடித்தார்கள் என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன ரப்பர் குழாய் ஒன்று எஞ்சின் அறையில் இருக்கிறது. அதற்குள் சிறு துளை போட்ட ஒரு பித்தளைத் துண்டைச் செருகியிருப்பார்கள். காற்று அந்தத் துளை வழியாக அளந்துதான் போகும், அழுத்தம் ஓர் அளவுக்கு மேல் ஏறாது. குழாயைக் கழற்றி அந்தத் துண்டை வெளியே எடுத்துவிட்டு மறுபடி மாட்டினால் போதும், அழுத்தம் ஏறிவிடும், சக்தியும் கூடவே ஏறும். புதிய பாகம் எதுவும் வேண்டாம், இடுக்கி ஒன்றே போதும். ஜப்பானில் இந்தக் காரை வாங்கியவர்களிடையே இது நாடறிந்த ரகசியம். விவரப் பட்டியல் சொல்லும் 280ஐ எஞ்சினின் எல்லை என்று படிக்கக்கூடாது என்பதற்கு அந்தப் பித்தளைத் துண்டே சாட்சி.

இணையத்தில் சில பக்கங்கள் 280 என்றும் சில 276 என்றும் போடுவதைப் பார்த்துக் குழம்பவேண்டாம். பிஎஸ் என்பது மெட்ரிக் குதிரைத்திறன். பிரிட்டிஷ் குதிரைத்திறனில் சொன்னால் அதுவே 276, கிலோவாட்டில் 206. மூன்றும் ஒன்றுதான்.

உடலின் அளவுகளை வேகமாகப் பார்த்துவிடலாம். நீளம் 4545 மிமீ, உயரம் 1340, இரு அச்சுகளுக்கிடையே 2615. அகலம் 1755. சாதாரண ஆர்32 ஸ்கைலைன் 1695தான். ஜப்பானில் 1700ஐத் தாண்டினால் கார் பெரிய ரகப் பதிவுக்குப் போய்விடும் என்பதால் அந்த 5 மிமீ இடைவெளியை எல்லாரும் கவனமாகக் காப்பாற்றுவார்கள். அகலமான டயருக்கு இடம் வேண்டி ஜிடி-ஆரில் மட்காடை 60 மிமீ பிதுக்கிவிட்டார்கள். இதுவும் பந்தயத்தின் கையெழுத்துதான். முன்பக்கக் கனத்தைக் குறைக்க பானெட்டும் முன் மட்காடும் அலுமினியம். டயர் 225/50 ஆர்16. பந்தயத்தில் வேறு டயர் போடலாம் என்பதால் இதில் அவ்வளவு மெனக்கெடவில்லை. 1993இல் வந்த வி-ஸ்பெக் என்ற பதிப்பில்தான் 17 அங்குலச் சக்கரமும் பிரெம்போ பிரேக்கும் கிடைத்தன.

இவ்வளவு கணக்கும் பலித்ததா? 1990 முதல் 1993 வரை அகில ஜப்பான் டூரிங் கார் போட்டியில் 29 பந்தயங்கள். 29ஐயும் ஜிடி-ஆரே வென்றது. 1991இல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணிநேரப் பந்தயமும் அதன் கைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் ஜிம் ரிச்சர்ட்ஸும் மார்க் ஸ்கைஃபும் 1991, 1992 இரண்டு ஆண்டுகளும் பாதர்ஸ்ட் பந்தயத்தை இந்தக் காரில் வென்றார்கள். காட்ஸில்லா என்ற பட்டப்பெயரும் ஆஸ்திரேலியப் பத்திரிகை ஒன்று சூட்டியதுதான். காரின் எடையைக் கூட்டச் சொன்னார்கள், டர்போ அழுத்தத்துக்கு வரம்பு வைத்தார்கள், அப்படியும் அது வென்றது. 1992இல் மழையால் பந்தயம் பாதியில் நின்று ஜிடி-ஆர் வென்றதாக அறிவித்தபோது கூட்டம் கூச்சல் போட்டது. அடுத்த ஆண்டு அங்கே 5 லிட்டர் வி8 கார்களுக்கான புதிய விதி வந்தது, ஜிடி-ஆருக்கு அதில் இடமில்லை. ஜப்பானிலும் 1993ஓடு குரூப் ஏ டூரிங் கார் போட்டி முடிந்து, 2 லிட்டர் கார்களுக்கான விதி வந்தது.

2568 என்ற எண்ணைப் பெற்ற விதி அதோடு போய்விட்டது. எண் போகவில்லை. 1995இல் வந்த ஆர்33 ஜிடி-ஆர், 1999இல் வந்த ஆர்34 இரண்டிலும் அதே 86 மிமீ விட்டம், அதே 73.7 மிமீ ஓட்டம், அதே 2568 சிசி. 280 பிஎஸ்ஸும் 2002இல் ஆர்34 நிற்கும்வரை அப்படியே பட்டியலில் இருந்தது. அந்த வாக்கு முறிந்தது 2004இல்தான், ஹோண்டா லெஜண்ட் 300 பிஎஸ்ஸோடு வந்தபோது.

25 ஆண்டு ஆன கார்களை இறக்குமதி செய்துகொள்ளலாம் என்ற அமெரிக்க விதியால் 2014 முதல் ஆர்32கள் கப்பல் ஏறிப் போகத் தொடங்கின, விலையும் ஏறிவிட்டது. ஜப்பானிலேயே தங்கிவிட்ட கார்களுக்கு ஒவ்வொரு மே மாதமும் வரிச் சீட்டு வருகிறது. 13 ஆண்டைத் தாண்டிய பெட்ரோல் கார்களுக்கு வரி கூடுதல் என்பதால் 51,000 யென் இப்போது 58,600 ஆகிவிட்டது. 2500 சிசிக்குள் இருந்திருந்தால் 51,700 கட்டினால் போதும். முப்பது ஆண்டுக்கு முன் செத்துப்போன ஒரு பந்தய விதிக்காக, மீதி 6,900 யென்னை அந்தக் காரை வைத்திருப்பவர் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்.